நீலத்துக்கு அடியில் ஒரு பெயர்

டேப்பக்காவைப் பொய் சொல்லச் சொன்ன அந்தப் பட்டறை முதலாளியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் என்னைவிட முப்பது வயது சின்னவள். பட்டறையே அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கும் அக்காதான். மாஸ்கிங் டேப் சுருளை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டுவாள். அதில் வந்த பெயர் அது. முதலில் கேக் கடையில் வேலை. பேனா அளவு ஏர்பிரஷ்ஷால் கிரீம் மேல் ரோஜா நிறத்தைப் பனி போல ஊதுவாள். கடையை மூடிவிட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வந்து நின்றாள்.

"கேக்குக்கு ஊதுற கைக்கு இங்க என்னம்மா வேலை?" என்றார் முதலாளி.

"கேக்கை வெட்டித் தின்னுடுறாங்கண்ணே. பெட்ரோல் டேங்கை யாரும் திங்க மாட்டாங்களே, அதான் வந்தேன்."

பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அவள் போடும் கோட்டின் ஓரத்தில் நடந்த ஒரு ஈ, கால் அறுபட்டு நொண்டிக்கொண்டே போனதை நானே பார்த்திருக்கிறேன். நம்பாதவர்கள் ஈயைக் கேட்டுக்கொள்ளலாம்.

பெரிய சித்திரம் எதுவும் அவள் வரைவதில்லை. வெள்ளை அடிப்பூச்சின் மேல் டேப்பை ஒட்டி, ஓரத்தை நகத்தால் நீவி, மஞ்சளை மெல்லிசாக மூன்று நான்கு தடவை ஊதுவாள். காய்ந்ததும் டேப்பை இடம் மாற்றி ஒட்டி, நீலத்தை ஊதுவாள். இரண்டும் ஏறிய இடத்தில் பச்சை தானாகப் பிறக்கும். ஏனென்றால் அந்தப் பெயிண்ட் கண்ணாடி மாதிரி. கீழே இருப்பதை மறைக்காது. ஆகவே அடியில் இருக்கும் வெள்ளை அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும். இது பட்டறைப் பூனைக்கே தெரியும். முதலாளிக்குத் தெரியாதா?

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருவரின் வண்டி வந்தது. அக்கா அன்று காய்ச்சலில் படுத்திருந்தாள். முதலாளி தானே டேங்கை ஒப்புக்கு இரண்டு தேய் தேய்த்து, வெள்ளையை ஒரே பூச்சாக அடித்துவிட்டார். மறுநாள் அக்கா வந்து குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, வெள்ளைக்கு அடியில ஏதோ சிவப்பா தெரியுது. முழுசா தேய்ச்சுட்டுத் திரும்ப அடிக்கணும்."

"எல்லாம் உன் காய்ச்சல் கண்ணு. மாஸ்டர் சாயங்காலம் வந்துடுவாரு. நீலத்தைக் கொஞ்சம் கனமா அடி, அமுங்கிடும்."

"இது அமுக்குற பெயிண்ட் இல்லண்ணே."

"முதலாளி நானா, நீயா?"

ஊதினாள். அங்கே மட்டும் தன் தப்பு உண்டு என்று அவளே சொல்வாள். டியூப்லைட் வெளிச்சத்தில் டேங்க் பளபளவென்று இருந்தது. மாஸ்டர் சிரித்துக்கொண்டே ஓட்டிப் போனார்.

விடிந்து வெயில் ஏறியதும், நீலப் பட்டையின் நடுவே ஊதா நிழலாக ஒரு பெண்ணின் பெயர் எழுந்து வந்தது. வால் சுழித்த எழுத்துகள், பக்கத்தில் ஒரு பூ வேறு. அது மாஸ்டர் மனைவியின் பெயர் இல்லை.

பத்து மணிக்கு அந்த அம்மாள் பட்டறை வாசலில் நின்றாள். நர்ஸ்; யூனிபாரத்தோடே வந்திருந்தாள். பின்னால் மாஸ்டர், குளித்தவர் மாதிரி வேர்த்துப்போய்.

"யாரு இவ?"

முதலாளி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "இந்த அக்கா வேலைம்மா அது. பிரஷ்ஷைச் சோதிக்க என்னவோ எழுதிப் பார்த்துட்டு, அழிக்க மறந்துடுச்சு. கவனமே கிடையாது." பிறகு அக்காவின் காதோரம், "ஆமான்னு தலையாட்டிடு. ஒரு குடும்பம் பொழைக்கும்."

மாஸ்டரும் கண்ணால் கெஞ்சினார்.

என்ன நெஞ்சழுத்தம்! இவர்கள் குடும்பம் பிழைக்க இவள் தொழில் சாக வேண்டுமா? அடுத்தவர் டேங்கில் கிறுக்குகிறவள் என்று பெயர் வந்தால், அப்புறம் யார் அவளை நம்பி வண்டியை விடுவார்கள்? பதினோரு வருஷக் கையை ஒரு தலையாட்டலில் கழற்றிக் கொடுக்கச் சொல்கிறார்கள்!

அக்கா டேங்கையே பார்த்தாள். "நான் எழுதினா இவ்வளவு கோணலாவா எழுதுவேன்?"

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஊதா நிழலின் மேல் காசளவுக்குத் தேய்த்தாள். வெட்டின வெங்காயம் போல வளையம் வளையமாக நிறங்கள் வெளியே வந்தன.

"இங்க பாருங்கம்மா. மேல நீலம், அது நான் ஊதினது. அடியில வெள்ளை, அது இவர் அடிச்சது. அதுக்கும் அடியில சிவப்பு எழுத்து. அதுக்குக் கீழ கம்பெனி கறுப்பு. வெள்ளை அடிச்ச அன்னிக்கு நான் பட்டறைக்கே வரல. வெள்ளைக்கு அடியில நான் எப்படி எழுதுவேன்?"

நர்ஸ் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது பார்வை புருஷன் மேல் இருந்தது. "அப்போ இது பழைய வண்டியா? புதுசு வாங்கினேன்னு தானே சொன்னீங்க?"

"செகண்ட் ஹேண்டு... முந்தி வச்சிருந்தவன் தன் பொண்ணு பேரை எழுதியிருப்பான் போல..."

"அதை அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு திட்டோட போயிருக்கும். ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து இந்த அக்கா தலையில கட்டுறீங்களே, வெக்கமா இல்ல?"

முதலாளி குறுக்கே வந்தார். "சரி விடுங்க. புதுசா அடிச்சுக் கொடுத்துடலாம். அக்கா, டேங்கைக் கழட்டித் தேய்க்க ஆரம்பி."

"நீங்க தேய்ங்கண்ணே. தகரம் தெரியுற வரைக்கும். வெள்ளையும் இனிமே நான்தான் அடிப்பேன். முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க, கைப்பையை எடுத்துக்கிறேன்."

முதலாளி சுற்றிலும் பார்த்தார். அத்தனை மெக்கானிக்குகளுக்கும் திடீரென்று முறுக்க வேண்டிய நட்டுகள் நிறைய இருந்தன. நர்ஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "டூட்டியை ரெண்டு மணிக்கு மாத்திட்டுத்தான் வந்திருக்கேன்."

அவர் சட்டைக் கையை மடித்தார். மன்னிப்பு என்ற ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை. டேங்கை மடியில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்கத் தேய்த்தார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அக்கா வந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"இன்னும் சிவப்பு இருக்குண்ணே. தேய்ங்க."