லாரிக்கு ஒரு மூக்கு

எங்கள் சித்தப்பா ஒரு லாரிக்கு மூக்கு வைத்தார். அதனால் அவருக்கு வரவேண்டிய பெண் வராமல் போனாள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

அப்போது நாங்கள் மேனாம்பேட்டில் குடியிருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. அப்பா தண்ணி லாரி ஓட்டினார். லாரி தாத்தாவுடையது, அதாவது அம்மாவின் அப்பாவுடையது. தண்ணீரும் அவருடையதுதான். வானகரத்தில் அவருக்கு மிஞ்சியிருந்த நிலத்தில் ஒரு பெரிய கிணறு இருந்தது. நெல் விளைந்த காலத்தில் அந்தக் கிணற்றுக்கு இல்லாத மரியாதை, சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிய பிறகு வந்தது. மருமகன் என்ற முறையில் அப்பாவுக்கு டிரைவர் சீட்டும், வண்டிக்கு ஏதாவது ஆனால் தாத்தாவிடம் திட்டு வாங்கும் உரிமையும் கிடைத்திருந்தன.

லாரி கிழடு. டேங்க் நிறைய தண்ணீரோடு அம்பத்தூர் மேம்பாலம் ஏறும்போது அழுதுகொண்டே ஏறும். மற்ற லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போகும். கோடையில் தொட்டி வறண்ட குடியிருப்புக்காரர்கள் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். முதலில் வந்து நிற்கும் லாரிக்குத்தான் கேட் திறக்கும். எத்தனையோ முறை அப்பா நிறைந்த டேங்கோடு போய், நிறைந்த டேங்கோடு திரும்பி வந்திருக்கிறார்.

அப்பாவின் தம்பியான சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. அவர் லாரியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, காது வைத்துக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னார்.

“வண்டிக்கு வயசாவலண்ணா. மூச்சு முட்டுது. டீசல் மட்டும் ஊத்திகினே இருந்தா? காத்து இல்லாம அது எப்டி எரியும்?”

பழைய ஏர் ஃபில்டர் டப்பா முன்சக்கரத்துக்குப் பின்னால் தாழ்வாக, இன்ஜின் சூட்டையும் ரோட்டுப் புழுதியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கிடந்தது. அதிலிருந்து போன ரப்பர் ஹோஸ் நடுவில் நசுங்கியிருந்தது. சித்தப்பா எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர் பட்டறையில் உட்கார்ந்து, கேபினுக்குப் பின்னால் நிமிர்ந்து, கூரைக்கும் மேலே போகிற மாதிரி ஒரு தடித்த பைப்பை வெல்டிங் வைத்துச் செய்தார். மேலே மழை இறங்காமல் ஒரு தொப்பி. கீழே, உடைத்த பஸ் ஒன்றிலிருந்து வாங்கி வந்த பெரிய ஃபில்டர்.

அந்த மூக்கோடு லாரி முதல்முறை கிணற்றுக்குப் போனபோது நானும் கேபினில் இருந்தேன். கிணற்றடியில் மோட்டார் போட்டு ஹோஸ் பிடிப்பது சித்தி, அம்மாவின் தங்கை. அவள் பைப்பை அண்ணாந்து பார்த்தாள்.

“இன்னாது இது? லாரிக்கு மூக்கா?”

“ஆமா. வோணும்னா நீ ஒரு மூக்குத்தி போட்டு உடு” என்றார் சித்தப்பா.

சித்தி சிரித்ததில் ஹோஸ் நழுவி என் மேல் தண்ணீர் பட்டது. இருவருக்கும் முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் அதற்கு முன்பே பேசி வைத்திருந்தார்கள். எனக்கும் அது வசதி. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டாலும் அவள் சித்திதான், புதிதாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

அன்று லாரி மேம்பாலத்தில் ஒரு தனியார் பஸ்ஸைத் தாண்டியது. அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அந்த டிரைவரைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு பெரிய சிரிப்பு அப்பாவிடம் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். அந்தக் கோடையில் எங்கள் லாரிக்கு எல்லா கேட்டும் திறந்தது.

ஆனால் கிணற்றுக்குப் போகும் வழி மண்பாதை. பைபாஸ் ஓரத்தில் எந்நேரமும் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சித்தப்பா ஞாயிறுதோறும் அதைக் கழற்றி, பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்றடித்து ஊதி மாட்டுவார். கம்பெனியில் அவரைப் பயிற்சிக்காக ஓசூருக்கு அனுப்பியபோது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னார். “வாரத்துக்கு ஒரு தபா ஊதிடுண்ணா. அத மட்டும் மறந்துடாத.”

அப்பா மறந்தார். இனி சொல்வதை அப்பாவே என்னிடம் சொன்னார், வெகுகாலம் கழித்து, நான் பிரசவத்துக்கு வந்து குழந்தையோடு வீட்டில் இருந்தபோது, அம்மா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து.

சித்தப்பா ஓசூர் போன பிறகு ஒருநாள் லோடு ஏற்றிய லாரி மேம்பாலத்தின் நடுவில் கரும்புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் வண்டிகள் அலறின. டிராஃபிக் போலீஸ்காரர் அப்பாவை வாய்க்கு வந்தபடி பேசினார். எப்படியோ உருட்டிக் கீழே இறக்கி, ஃபில்டரைத் திறந்து பார்த்தால் அடைசலோ அடைசல். ஊதுவதற்கு அப்போது ஏது நேரம்? குடியிருப்பிலிருந்து போன்மேல் போன். அப்பா ஃபில்டரை உருவி சீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டு, வெறும் டப்பாவை மூடி வண்டியை எடுத்தார். லாரி பறந்தது. நாளைக்கு ஊதி மாட்டிவிடலாம் என்றிருந்தார். மறுநாளும் வண்டி பறந்தது. பறக்கிற வண்டியில் எதற்குக் கை வைப்பது என்று அதற்கும் மறுநாள் தோன்றியது.

சித்தப்பா திரும்பி வருவதற்குள் லாரி நீலப்புகை விட ஆரம்பித்திருந்தது. ஆயிலைத் தண்ணீராய்க் குடித்தது. கடைசியில் வானகரம் மண்பாதையிலேயே படுத்துவிட்டது. ஓசூரிலிருந்து வந்திறங்கிய சித்தப்பா நேராக மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தார். அப்பாவும் தாத்தாவும் அங்கே இருந்தார்கள். பள்ளி லீவு என்பதால் நானும் அப்பா கூடவே போய் ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தேன். இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக், பைப்புக்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரலில் செம்மண் அப்பியிருந்தது.

“மண்ணு பூந்து லைனரு, ரிங்கு, பிஸ்டன் எல்லாத்தையும் தின்னுட்டுகீது. ஃபில்டரே இல்லாம ஓட்டிகீறீங்க. யாரு கயட்டுனது?”

தாத்தா அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“நான்தான் மாமா. ஓசூர் போறதுக்கு முன்னாடி கயட்டி உட்டேன். காத்த இன்னும் நல்லா இஸ்க்கும்னு பார்த்தேன்.”

சாவியைப் பிடுங்கிக்கொண்டு அப்பாவை நிறுத்திவிடுவார் தாத்தா, வீட்டில் எங்கள் பாடு என்னவாகும் என்றுதான் சித்தப்பா அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். தனக்கென்ன, கம்பெனி வேலை இருக்கிறது, கொஞ்சம் திட்டு விழும், கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். தாத்தா திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“சோறு போடற வண்டில வெளாடறவன நம்பி எம் பொண்ண எப்டிக் குடுப்பேன்? அந்தப் பேச்ச இத்தோட உட்ருங்க மாப்ளே” என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்போதும் அப்பா பேசியிருக்கலாம். பேசவில்லை. “நாக்கு வரைக்கும் வந்துச்சிம்மா” என்றார் என்னிடம், கையில் இருந்த என் குழந்தையைப் பார்த்துக்கொண்டே. “அன்னிக்கு வராதது அப்புறம் எப்டி வரும்?” சித்தியைத் திருவள்ளூர் பக்கம் ஒரு நல்ல இடத்தில்தான் கொடுத்தார்கள். சித்தப்பாவும் பிற்பாடு ஓசூரிலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். யாரும் கெட்டுப்போகவில்லை. அதைச் சொல்லித்தான் அப்பா இத்தனை வருடம் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. சித்தப்பா எங்கள் லாரியைக் கெடுத்துவிட்டார் என்பது மட்டும்தான் தெரியும். அவர் வேலையை ஓசூருக்கே மாற்றிக்கொண்டு கிளம்பிய காலையில் அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. தெருமுனை வரை போன அப்பா, திடீரென்று தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சித்தப்பாதான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

“உடுண்ணா. ஆனது ஆயிப்போச்சி.”

எனக்கு அப்பாவை நினைத்து ஒரே பெருமை. தன் பிழைப்பில் மண்ணைப் போட்ட தம்பிக்காக இப்படி அழ வேறு யாரால் முடியும்? வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த ஞாயிறு தாத்தா வீட்டுக்குப் போனபோது, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சித்தியிடமும் ஓடிப்போய்ச் சொன்னேன். “சித்தி, எங்கப்பா சித்தப்பாவ மன்னிச்சிட்டாரு. தாத்தாவையும் மன்னிக்கச் சொல்லு.”

சித்தி கையிலிருந்த துணியை உதறாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஃபில்டரு இல்லாம ஓட்டுற ஆளாடி உங்க சித்தப்பா?” என்றாள். “நான் கேட்டேன்னு உங்கப்பாவாண்ட சொல்லு.”

நான் சொன்ன சொல் தவறாத பிள்ளை. அன்று ராத்திரி சாப்பிடும்போது, ஒரு வார்த்தை விடாமல் அப்பாவிடம் ஒப்பித்தேன். அப்பா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குழம்பில் உப்பு கூடிப்போய்விட்டதோ என்று அம்மா கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். எனக்கும் ஒரு சொட்டு விட்டாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.