நாக்கோரத்தில் ஒரு பல்

பாம்பூஃப்ளாட் என்ற எங்கள் தீவூரில் ஒருவருக்குப் பல் வலித்தால் அந்த வலியை அவர் தனியாக அனுபவிக்க முடியாது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சாத்தாம் படகில் ஏறினால் போதும், அக்கரை சேர்வதற்குள் கிராம்பிலிருந்து வேளாங்கண்ணி எண்ணெய்வரை எல்லாம் சிபாரிசாகிவிடும். படகு எஞ்சின் மெக்கானிக் ஜேசுதாசனின் தாடை அந்த வாரம் ஊர்ப் பிரச்சினையாகி, படகு இரண்டு கட்சியானது. பஜாரில் இருக்கும் பல் டாக்டர் உதயசூரியனே பிடுங்கட்டும் என்றது ஒரு கட்சி. கூடாது, அக்கரை டவுனில் தாடை ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மாவிடம்தான் போக வேண்டும் என்றது மற்றது. இரண்டு கட்சியிலும் பல் வலித்தவர் எவருமில்லை.

ஜேசுதாசனைக் கேட்டால் அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. ஏனென்றால் அது சாதாரணப் பல் இல்லை. கீழ் வரிசைக்குப் பின்னால், நாக்கை உரசிக்கொண்டு, உபரியாக முளைத்த பல். அவருடைய அண்ணன் டெர்வினுக்கும் அதே இடத்தில் அதே பல் இருந்தது. “இது நம்ம வீட்டுக்கு மட்டும் கெடச்சது” என்று அவர்கள் அம்மா பெருமையாகச் சொல்வார், ஏதோ சொத்து கிடைத்ததுபோல.

டெர்வின் தெற்கே, கப்பலில் போக வேண்டிய இன்னொரு தீவில், ஹட் பேயில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். சுனாமி அவரைக் கொண்டுபோனது. அவர் மனைவி சோபியா இடுப்பெலும்பு உடைந்து டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நிவாரணக் கப்பலில் போய் இறங்கிய ஜேசுதாசனிடம் ஒரு போலீஸ்காரர் துணியை விலக்கிக் காட்டி, “பெஹ்சானா?” என்று கேட்டார். அடையாளம் தெரிகிறதா என்றால், தெரிவதற்கு முகம் இருக்கவில்லை. ஜேசுதாசன் ஆள்காட்டி விரலை அந்த வாய்க்குள் விட்டுத் தடவினார். நாக்கோரத்தில் பல் தட்டுப்பட்டது. “எங்க அண்ணன்தான்” என்றார். அன்றே அடக்கம், சிலுவை, அதில் டெர்வின் என்று பெயின்ட்டால் எழுத்து.

அதன்பிறகு அந்த விரல் சோற்றில் இறங்கியதில்லை. மற்ற நான்கு விரல்களால் பிசைந்து சாப்பிடுவார். கேட்டால், கிரீஸ் நாற்றம் போகவில்லை என்பார். கனவில் அண்ணன் வருவதுண்டு. வந்து முதுகைக் காட்டியபடி நிற்பார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார்.

உதயசூரியன் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, “நானே எடுத்துருவேன் அண்ணே. வேர்கிட்ட ஒரு நரம்பு ஓடுது, அதான். பயமா இருந்தா அக்கரைக்குப் போங்க” என்றார். பிறகு தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “இந்தப் பல்லு ஒண்ணும் அதிசயமில்ல. போன மாசம்கூட சௌல்தாரியிலேருந்து ஒருத்தர் இதே மாதிரி வந்தாரு” என்றார்.

டாக்டர்கள் நல்லெண்ணத்தோடு பேசும்போதுதான் உஷாராக இருக்க வேண்டும். ஜேசுதாசனுக்குப் பல்வலி அந்த நாற்காலியிலேயே நின்றுபோனது. வேறொன்று தொடங்கியது. சௌல்தாரிக்காரனுக்கு இருக்குமென்றால், ஹட் பே கரையில் கிடந்தது யார்?

நேராக மைனி சோபியாவின் தையல் கடைக்குப் போனார். கேட்க வந்ததைக் கேட்க வாய் வரவில்லை. வேர்கிட்ட நரம்பு ஓடுகிறதாம், எந்த டாக்டரிடம் போகலாம் என்று மட்டும் கேட்டார்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு தம்பி? அக்கரைக்கே போங்க” என்றார் சோபியா, மெஷினை நிறுத்தாமல். “நரம்புங்கியளே, வெளையாட்டா? ஒங்க அண்ணனுக்கு ஹட் பேயில வந்த கேம்ப் டாக்டர் பிடுங்கிவிட்டு என்ன ஆச்சு? கீழ் ஒதடு மரத்தே போச்சி. டீ குடிச்சா சட்டையெல்லாம் ஒழுகும். கடைசி வரைக்கும்…”

மெஷின் நின்றது.

“எந்தப் பல்ல மைனி?”

சோபியா ஊசியிலிருந்த நூலைக் கத்தரித்தார்.

“அந்தப் பல்லையா?”

“ஆமா. சுனாமிக்கு முந்தின மழைக்காலத்துல. அதுக்கப்புறம் நீங்க அவங்களப் பாக்கவே இல்லியே.”

“அப்ப நான் அடக்கம் பண்ணது?”

“எனக்கெப்படித் தெரியும்? யாரோ ஒருத்தர்.”

“இத்தன வருஷமா எங்கூடக் கப்பல் ஏறி வந்தியளே. மெழுகுவத்தி ஏத்துனியளே.”

“ஏத்தினேன்.” சோபியாவின் குரல் ஏறவில்லை. “நான் எழும்பி நடக்கதுக்குள்ள நீங்க சிலுவையே நட்டுட்டிய. பல்லத் தொட்டுப் பாத்தேன் மைனின்னு வேற சொன்னிய. ஹட் பேயில எங்க வீட்டு வரிசையில எத்தன பொம்பளைக்குப் புருஷன் கல்லறைன்னு ஒண்ணு கெடச்சிச்சி? எனக்கு ஒண்ணு இருந்திச்சி. இது எனக்குள்ளது இல்லன்னு சொல்ல மனசு வரல.”

“அண்ணன்?”

“கடல்ல.” மெஷினை மறுபடி மிதித்தார். “கல்லறைத் திருநாளுக்கு டிக்கெட் போட்டாச்சா? பிந்துனா எடம் கெடைக்காது.”

மறுநாள் ஜேசுதாசன் அக்கரைக்குப் போனார். கட்சிகள் வாழ்த்தி அனுப்பின. ‘அபி மத் நிகாலோ’, இப்போதைக்குப் பிடுங்காதே என்று டிக்கெட் கிழிப்பவர் மட்டும் மூன்றாவது கட்சி தொடங்கினார். படகில் ஜேசுதாசன் தண்ணீரைப் பார்க்காமல் நடுவில் உட்கார்ந்துகொண்டார். அதே தண்ணீர்தான் ஹட் பேவரை போகிறது. அண்ணன் அதில் எங்கும் இருக்கலாம். மண்ணுக்குள் இருப்பவரோ பாவம், இன்னொருத்தர் பெயருக்குச் செய்த பூசையையெல்லாம் வாங்கிக்கொண்டு மறுபேச்சில்லாமல் கிடக்கிறார். கனவில் திரும்பாத முதுகு யாருடையது என்று இப்போது சொல்ல முடியவில்லை.

டாக்டரம்மா நிதானமானவர். எக்ஸ்ரேயைப் பார்த்தார், ஈறை அழுத்திப் பார்த்தார், நரம்பை ஒதுக்கி எடுத்துவிடலாம் என்றார்.

“இப்படி உபரிப் பல்லு சில குடும்பங்கள்ல தொடர்ந்து வரும். உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?”

“அண்ணனுக்கு இருந்திச்சி. எடுத்துட்டாங்க.”

“வேற யாருக்கும் இல்லயே?”

ஜேசுதாசன் யோசித்தார்.

“இன்னொருத்தருக்கு இருக்கு. ஹட் பேயில இருக்காரு.”

“உங்களுக்கு என்ன உறவு?”

மேற்கொண்டு எதுவும் கேட்க முடியாதபடி ஜேசுதாசன் வாயை அகலத் திறந்துவிட்டார்.