ஓரெழுத்துகூட மாறவில்லை

கால்நடை ஆய்வகத்தில் அவளுக்குக் 'கோழி மேடம்' என்று பெயர். பத்தொன்பது வருஷமாகச் செத்த கோழியின் தொண்டைச் சளியைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து, அதிலுள்ள வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கிறவளை வேறென்ன சொல்வார்கள்? பஸ்ஸில்கூட யாராவது, "மேடம், முட்டை சாப்பிடலாமா?" என்று உயிரை வாங்குவார்கள்.

போன மாதம் அவளுடைய அக்கா பண்ணையில் நோய் புகுந்து நாலாயிரம் கோழியும் போயின. தீவன வண்டி டிரைவர்தான் டயரில் கொண்டுவந்து சேர்த்தான் என்று அக்கா வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். டிரைவருக்கு வேலை போயிற்று. அவன் ஆய்வகத்து வாசலுக்கே வந்து, "டயரக் கழுவிட்டுத்தாங்க உள்ள போனேன்," என்றான். ரிப்போர்ட் வரட்டும் என்று அனுப்பிவைத்தாள்.

வந்தது. மொத்தம் பதினைந்தாயிரம் எழுத்து. ஒரே நோய் என்றாலும் பண்ணைக்குப் பண்ணை இருபது முப்பது எழுத்தாவது மாறும். பரவப் பரவ மாறிக்கொண்டே போகிற சனியன் அது. அக்கா பண்ணை வைரஸும் ஆற்றுக்கு அந்தப்பக்கத்துப் பண்ணை வைரஸும் மட்டும் ஓரெழுத்துகூட மாறவில்லை. அந்தப் பக்கம் டிரைவர் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லை. அக்கா பண்ணையில் நோய் புகுவதற்கு நாலு நாள் முன்னால் அங்கே போனவள் அவள்தான். அங்கே மாதிரி எடுத்து முடித்துக் கையுறை, மேலங்கி எல்லாவற்றையும் கழற்றிப் பையில் கட்டிவிட்டாள். திரும்பும்போது அக்கா கூப்பிட்டாள், கோழி ஒன்று கம்பி குத்தி நொண்டுகிறது, ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போ என்று. போய்ப் பார்த்தாள். காலில் அதே பூட்ஸ். ஊருக்கெல்லாம் பூட்ஸைக் கழுவு என்று வகுப்பெடுக்கிற மகராசி!

அழுகை வரும் என்று கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு அக்காவுக்கு ஃபோன் போட்டாள்.

"அக்கா, டிரைவர் இல்ல. நான்தான். என் பூட்ஸ்ல வந்திருக்கு."

அக்கா எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "ரிப்போர்ட்ட வேற யாரும் பாத்தாங்களா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப வாய மூடிட்டு இரு. தெரிஞ்சா உங்க மாமா உன்ன வீட்டுப் படி ஏற விடமாட்டாரு. எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான்டி. டிரைவருக்கு வேற வேலை கிடைக்காமயா போயிடும்?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. "வெச்சிடறேன்க்கா," என்றாள்.

ரிப்போர்ட்டோடு மேலே அனுப்புகிற படிவத்தில் 'நோய் வந்த வழி' என்ற கட்டத்தில் தன் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டிரைவரைக் கூப்பிட்டு, "உங்க மேல தப்பில்ல," என்று சொன்னாள்.

அதற்கப்புறம் அக்காவிடமிருந்து ஃபோன் வரவில்லை.