வெள்ளிக் காலும் கிரேக்கக் கோயிலும்

தொண்ணூறுகளின் நடுவில், டோர்ட்மண்டில் என் மகள் ஏழாம் வகுப்புப் படித்தாள். வீட்டில் வாயாடி. வகுப்பில் கல்லுப் பிள்ளையார். இப்படியே வாய் திறக்காமல் இருந்தால் இந்தப் பள்ளிக்கூடத்தில் தொடர்வது கஷ்டம் என்று ஆசிரியை என்னை அழைத்துச் சொன்னார். கடைசி வாய்ப்பாக, பழைய கிரேக்கரின் மருத்துவம் பற்றி வகுப்பில் பேசச் சொல்லியிருந்தார்.

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது மகள் ஓடிவந்தாள்.

"அம்மா, கிரேக்கத்திலை வருத்தக்காரர் கோயிலிலை போய்ப் படுப்பினமாம். கனவிலை சாமி வந்து சுகமாக்குமாம். சுகம் வந்தால் மண்ணாலை கால், காது செய்து குடுப்பினமாம்!"

"இதிலை என்ன அதிசயம்? ஊரிலை மடு மாதா கோயிலிலை போய்ப் பார். வெள்ளியிலை கண், கை, கால் எண்டு குவிஞ்சு கிடக்கும். உனக்கு நேர்ந்த ஒண்டு இஞ்சை வீட்டிலை இருக்கு."

மூன்று வயதில் காய்ச்சல் வந்து அவளுக்கு நிற்க முடியாமல் போனது. மாதாவுக்கு ஒரு வெள்ளிக் கால் நேர்ந்தேன். அவள் எழும்பி நடந்தாள். ஆனால் ஊரில் மூண்ட சண்டை மடுவுக்குப் போகும் பாதையை மூடிவிட்டது. கால் எங்களோடு ஜெர்மனிக்கு வந்து மாதா படத்தடியில் இருந்தது.

"தாங்கோ அம்மா, வகுப்பிலை காட்டப்போறன்."

"ஏலாது! நேர்ந்த பொருள். கண்டவன் கையிலை குடுக்க அது விளையாட்டுச் சாமானோ?"

அவள் முகம் சுருங்கியது. எனக்கும் பொறுக்கவில்லை. கால் போனால் நானும் போவேன் என்றேன். ஆசிரியையும் சம்மதித்தார்.

அன்று வகுப்பின் கடைசி வாங்கில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தேன். மகள் கூப்பிட்டதும் எழுந்துபோய், வெள்ளிக் காலை என் உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினேன். ஒரு பையன் கள்ளச் சிரிப்போடு கேட்டான், சுகமாக்கியது மருந்தா, இந்த வெள்ளியா என்று. வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

"எனக்கு ஊசியும் போட்டார்கள், அம்மா நேர்த்தியும் வைத்தார்," என்று தெளிவான ஜெர்மனில் சொன்னாள். "கிரேக்கரும் அப்படித்தான். வைத்தியரிடம் போனவர்கள் கோயிலிலும் போய்ப் படுத்தார்கள். உன் பிள்ளை எழும்பாமல் கிடந்தால் நீ ஒன்றோடு நிறுத்துவாயா?"

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவேயில்லை. வைத்தியர்கள் உடம்பில் நான்கு நீர்கள் ஓடுவதாக நம்பியதையும், கோயில் பாம்பு புண்ணை நக்கிச் சுகமாக்கும் என்று சனங்கள் நம்பியதையும் கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அடேயப்பா, இது என் பிள்ளையா! பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மணி அடித்தது. பிள்ளைகள் பைகளைத் தூக்கினார்கள்.

"இருங்கள்," என்றாள் என் மகள். "நான் இன்னும் பேசி முடிக்கவில்லை."

ஆசிரியைதான் முதலில் உட்கார்ந்தார்.