டிஸ்க்கில் வைத்த பொட்டு

வைதேகிக்கு ஐம்பத்து மூன்று வயது. சிங்கப்பூரில், மார்சிலிங்கில் ஒரு மூவறை வீட்டில் தனியாக இருக்கிறார். பல் கிளினிக் ஒன்றில் வரவேற்பு மேசை வேலை. வாரம் முழுக்க ஊரார் பல்வலியைக் கேட்டுவிட்டு, ஞாயிறு காலையில் கிராஞ்சி மண்பாதைகளில் சைக்ளோகிராஸ் சைக்கிள் ஓட்டுவார். பந்தய சைக்கிள் போல வளைந்த கைப்பிடி, சேற்றுக்கென்று தடித்த டயர். கணவர் பிரிந்துபோன வருடம் வாங்கியது.

போன வருட மழையில் அது அவரைக் கீழே தள்ளிவிட்டது. பழைய மாதிரி பிரேக். ரப்பர் கட்டை சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்க வேண்டும். விளிம்பெல்லாம் சேறு. நான்கு விரலால் அழுத்தியும் நிற்கவில்லை. வலது மணிக்கட்டு முறிந்தது. பெர்த்தில் இருக்கும் மகன் அகிலன், இனி ஏதாவது ஆனால் சைக்கிளை விற்றுவிட வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டான்.

கட்டுப் பிரித்த பிறகு கையில் பிடி குறைந்துவிட்டது. சிராங்கூன் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ரகுபதி, பழைய ஃப்ரேமில் டிஸ்க் பிரேக் மாட்ட இடமில்லை என்று அதை எடுத்துக்கொண்டு, டிஸ்க் உள்ள வேறொன்றைக் கொடுத்தார். சக்கரத்தின் நடுவில் ஒரு இரும்புத் தட்டு. அங்கே சேறு அவ்வளவாக எட்டாது, மழையிலும் பிடிக்கும். முதல் மழையிலேயே வைதேகி ஒற்றை விரலால் இறக்கத்தில் நிறுத்தினார். மறுநாள் கிளினிக்கில் உடன் வேலை செய்யும் ஷமீமாவிடம் சொன்னார். அவள் நல்லது அக்கா என்றுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

ஆயுத பூஜையன்று, விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய கையோடு சைக்கிளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பளபளவென்று வட்டமாக இருந்த இரண்டு டிஸ்க்கிலும் ஆளுக்கொரு பொட்டு. மறுநாள் ஞாயிறு, பூஜைத் துணியாலேயே அதைத் துடைத்துவிட்டுக் கிளம்பினார்.

அதே இறக்கம். பிரேக் கிறீச்சிட்டது, சைக்கிள் நிற்கவில்லை. கீழே லாரி போகும் சாலை. கைப்பிடியைப் புல்லுக்குள் திருப்பி, இரண்டு காலையும் ஊன்றி, வேலியோரம் ஒருவழியாக நின்றார்.

ரகுபதிக்குப் போன் செய்து, பொட்டு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார்.

"அக்கா, டிஸ்க்குல எண்ணெய்க் கை பட்டாலே போச்சு. அதைப் பிடிக்கிற பேட் எண்ணெயைக் குடிச்சிடும், புதுசுதான் மாத்தணும். சனிக்கிழமை வந்துடும். அடுத்த வருஷம் சீட்டுக்கு வைங்க லா."

"பொட்டு மேலயா உட்காரச் சொல்றீங்க?"

அவர் சிரித்தார். கடைக்கு யாரோ வந்துவிட, போனை வைத்துவிட்டார். வைதேகி வீடு வரை தள்ளிக்கொண்டே போனார். வழியெல்லாம் சிரிப்பு வந்தது.

மாலையில் அகிலன் கூப்பிட்டான்.

"ரைடு எப்படிம்மா? விழலையே?"

"விழலப்பா."

"வேற?"

அந்த மாதத்திலேயே வைதேகிக்குச் சொல்வதற்கென்று இருந்த ஒரே வேடிக்கை அதுதான். சொன்னால் அகிலனும் சிரிப்பான். சிரித்து முடித்துவிட்டு வாக்கை ஞாபகப்படுத்துவான்.

"வேற ஒண்ணுமில்ல."

சரிம்மா என்று அவன் வைத்தான். வைதேகி, சனிக்கிழமை மூன்று மணிக்கு வருவதாக ரகுபதிக்குச் செய்தி அனுப்பினார்.