வெனிஸுக்கு முன்னால் போன மூட்டை

ரயில்வே துரை ஒருவரிடம் குசினியில் சமையல் வேலை பார்த்தேன். பங்களா மேட்டில். என் வீடு கீழே பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே ஆட்கள் குடியிருக்கும் லைனில். அது மச்சானின் வீடு, பெண்டாட்டியின் அண்ணன்.

துரைக்கு வயிறு சரியில்லை. நான் வைக்கும் மிளகுத்தண்ணி இறங்கும். வேறு யார் கை வைத்தாலும் இறங்காது. அதனால் லீவில் போகும்போது என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். வழியில் இத்தாலி தேசத்தில் வெனிஸ் என்று ஒரு ஊர். அங்கே மூன்று நாள் தங்கிச் சுற்றிப் பார்ப்பது. பிறகு அவர் சீமைக்கு ரயில் ஏறுவார். நான் கப்பலில் திரும்புவேன்.

"அது என்ன ஊர், துரை?"

"தண்ணியில வீடு. தெரு எல்லாம் தண்ணி. படகுல போவோம். நீ பயப்படாதே."

துரை தமிழ் பேசுவார். எல்லாரையும் நீ என்பார், சாமியையும் சேர்த்து.

அப்போது பெண்டாட்டிக்கு மூன்றாம் மாதம். பிரசவத்துக்கு முன்னால் திரும்பிவிடலாம் என்று துரை விரல் விட்டுக் காட்டினார். சரி என்றேன்.

மாமியார் ரவாங்கிலிருந்து வந்தாள்.

"கப்பல் என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை, அத்தை."

"எந்தத் திக்கு?"

"மேற்கு."

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். கப்பல்காரனுக்குத் தெரியாதா?"

"அது வெள்ளைக்காரன் கப்பல்."

"அவன் போகட்டும். எம் மருமகன் போகக்கூடாது."

அவள் பேச்சுக்குக் காரணம் உண்டு. முதல் பிள்ளை பிறந்தபோது நான் துரையோடு பாதை போடும் காட்டில் இருந்தேன். நாள் பார்க்காமல் போயிருந்தேன். பிள்ளை தங்கவில்லை. நான் முகம் பார்க்கவில்லை. அந்த வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. ஆனால் பஞ்சாங்கத்தை யாரும் மீறுவதும் இல்லை.

பரஸ்தானம் வைப்பது என்று முடிவானது. போகிற நாள் கெட்ட நாளானால், ஒரு நல்ல நாளில் மூட்டையை முன்னால் அனுப்பிவிட வேண்டும். போகும் திக்கில் ஒரு வீட்டில் வைக்க வேண்டும். மூட்டை புறப்பட்டால் ஆள் புறப்பட்ட மாதிரி.

கிள்ளான் மேற்கே இருக்கிறது. அங்கே மச்சானின் கூட்டாளி சலவைக்கடை வைத்திருந்தான். இரண்டு வேட்டி, சட்டை, மிளகு, சீரகம், துரை கொடுத்த கம்பளிக் கோட்டு. மூட்டையைக் கட்டினோம். ஒரு புதன்கிழமை நல்ல நேரத்தில் மச்சான் அதை ரயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மாமியார் வாசலில் நின்றாள்.

"எங்க வர்றீங்க?"

"சாப்பிட."

"நீங்க போயிட்டீங்க, மாப்பிளே."

"எங்க?"

"மூட்டை போயிடுச்சில்ல? போனவரு போன காரியம் முடிக்காம படி ஏறினா..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. உள்ளே பெண்டாட்டி வயிற்றில் கை வைத்து நின்றாள். நான் திரும்பி மேட்டுக்கு நடந்தேன்.

அன்றிலிருந்து குசினிக்குப் பின்னால் படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை லைனுக்குப் போய் வேலிக்கு வெளியே நிற்பேன். வீட்டுச்சோறு கிடையாது. கட்டுச்சோறு கொடுக்கலாம், அது பயணக்காரனுக்கு உள்ளது என்றாள் மாமியார். பெண்டாட்டி இலையில் கட்டி வேலிக்கு மேலே நீட்டுவாள்.

"வெனிஸு எப்படி இருக்கு?" என்பாள்.

"குசினி மாதிரியே இருக்கு."

ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாள் வந்தாள். "உங்க மாப்பிள்ளை எங்கக்கா?"

"இத்தாலிக்குப் போயிருக்காரு," என்றாள் மாமியார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் புளிச்சோறு தின்றுகொண்டிருந்தேன்.

"சரி. வந்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதெல்லாம் கொஞ்ச நாள்தான் என்று நினைத்தேன். துரை கிளம்பவில்லை.

அவர் பிளான் போட்டார். கூட வருவதாக இருந்த இன்னொரு துரை தினமும் சாப்பாட்டுக்கு வருவார். மேசைதான் வெனிஸ். பெரிய தட்டு மைதானம். ரொட்டி கோயில். உப்புக் குப்பி கோபுரம். முட்கரண்டி பாலம். முதல் நாள் காலையில் கோபுரம் ஏறிவிட்டுக் கோயில் என்பார் எங்கள் துரை. கோயில் முதலில் என்பார் மற்றவர். மிளகுத்தண்ணி ஆறிப்போகும்.

ஒருநாள் உப்புக் குப்பியை நிரப்ப எடுத்தேன்.

"கோபுரத்தைத் தொடாதே!" என்றார் துரை.

உப்புக்கு வேறு கிண்ணம் வைத்தேன்.

பிளான் முடியவில்லை என்று ஒரு கப்பலை விட்டார்கள். கண்ணாடி ஊதுகிற தீவு ஒன்று இருக்கிறதாம், அதற்கு ஒரு நாள் போதாது என்று இன்னொரு கப்பலையும் விட்டார்கள். பெண்டாட்டிக்கு ஏழாம் மாதம் வந்தது. வளைகாப்பு நடந்தது. சத்தத்தை வேலிக்கு வெளியே நின்று கேட்டேன். எட்டாம் மாதமும் போனது. இனிக் கிளம்பினால் பிரசவத்துக்குள் திரும்ப முடியாது. கிளம்பாவிட்டால் படி ஏற முடியாது.

ஒருநாள் இரண்டு துரைமாரும் சண்டை போட்டார்கள். மற்றவர் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் போய்விட்டார். எங்கள் துரை வெகுநேரம் தட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"எல்லாம் பார்த்தாச்சு," என்றார். "இனி அங்கே போய் என்ன? நான் நேரா சீமைக்குப் போறேன். கப்பல்ல கஞ்சி கொடுப்பான். நீ வர வேண்டாம்."

அந்த வாரமே போய்விட்டார். நான் மேசையைத் துடைத்தேன்.

லைனுக்குப் போய்ச் சொன்னேன். மாமியார் தலையில் கை வைத்தாள்.

"போகாத பயணத்துக்கு மூட்டை திரும்பி வரக்கூடாது, மாப்பிளே. அது ஆகாது."

"அப்ப நான் என்ன செய்ய?"

"போயிட்டு வாங்க."

"எப்படி அத்தை? கப்பல் இல்ல, துரை இல்ல."

மச்சான் அப்போதுதான் வாயைத் திறந்தான். "மாப்பிள்ளை, அந்த ஊரு எப்படின்னு சொன்னீங்க?"

"தண்ணியில வீடு. படகுல போகணும்."

"நம்ம கெத்தாம் தீவு அப்படித்தானே? சீனன் மீன் பிடிக்கிற எடம். எல்லா வீடும் கடல்ல கால் ஊனி நிக்கும்."

மாமியார் நிமிர்ந்தாள். "மேற்கா?"

"கிள்ளானுக்கும் மேற்கே."

"கடல் தாண்டணுமா?"

"தாண்டணும்."

"அப்ப இன்னும் என்ன நிக்கிறீங்க?" என்றாள் என்னைப் பார்த்து. பெண்டாட்டி சன்னலில் இருந்து, "சீக்கிரம் வந்துருங்க," என்றாள். சிரிக்கவில்லை.

அப்போதே கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். மூட்டையை எடுத்தேன். கரப்பான் கோட்டில் குடும்பம் வைத்திருந்தது. உதறிப் போட்டுக்கொண்டேன். துரை அதை அந்த ஊருக்கென்றுதான் கொடுத்தார். காலையில் மீன்காரன் படகில் ஏறினேன். வெயில். வியர்வை முதுகில் ஓடியது. படகில் இருந்த சீனர்கள் என் கோட்டைப் பார்த்தார்கள், ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

தீவு துரை சொன்னபடியே இருந்தது. தெருவுக்குப் பதில் பலகை. பலகைக்குக் கீழே தண்ணீர். நாற்றத்தைப் பற்றி மட்டும் துரை சொல்லவில்லை.

வந்தது வந்ததுதான், பிளானைக் குறைக்கக் கூடாது என்று நினைத்தேன். கோபுரம் முதலில். கோபுரம் இல்லை. வலை காயப்போடும் பரண் ஒன்றில் ஏறினேன். என்ன தேடுகிறாய் என்று கீழிருந்து ஒருவன் மலாயில் கேட்டான். ஊர் பார்க்க வந்தேன் என்றேன். பார்த்தாயா என்றான். பார்த்தேன் என்றேன். இறங்கு, பரண் ஒடியும் என்றான்.

பிறகு கோயில். சீனச்சாமிதான், கும்பிட்டேன். எங்கள் துரை சொன்ன வரிசைதான் நல்ல வரிசை. பாலத்தில் போனேன், வந்தேன். மூன்று நாள் வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது.

கண்ணாடி மட்டும் பாக்கி. திரும்பும்போது கிள்ளான் பாசாரில் ஒரு விளக்குச் சிம்னி வாங்கினேன். கடைக்காரன் வைக்கோல் சுற்றிக் கொடுத்தான்.

லைனுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். வாசலில் பெண்கள் கூட்டம். உள்ளே பிள்ளை அழும் சத்தம். நான் வேலியிலேயே நின்றுவிட்டேன். கோட்டைக் கழற்றவும் தோன்றவில்லை.

மாமியார் ஆலத்தித் தட்டோடு ஓடிவந்தாள். அவசரமாகச் சுற்றினாள்.

"போன காரியம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"எல்லாம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"உள்ள வாங்க, மாப்பிளே."

படி ஏறினேன். உள்ளே இருட்டாக இருந்தது. விளக்கின் பழைய சிம்னி அன்றைய அமளியில் உடைந்துவிட்டது என்றார்கள். வைக்கோலைப் பிரித்துப் புதியதை எடுத்துக் கொடுத்தேன். மாட்டி, திரியை ஏற்றினார்கள்.

பெண்டாட்டி துணியை விலக்கினாள். பெண் பிள்ளை. கண்ணை இறுக்கி மூடியிருந்தது. முகம் பார்த்தேன்.

"மீன் நாத்தம் அடிக்குது," என்றாள் பெண்டாட்டி.

"அந்த ஊரே அப்படித்தான்," என்றேன்.