சுகுமாறன் சரிசெய்த ரேடியோ

சுகுமாறனுக்கு ரேடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். செனாயில் ஒரே தொழிற்சாலையில், ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இருபத்தெட்டு வருடம் ரேடியோ சோதித்தவர்கள் நாங்கள். சத்தம் தெளிவாக வந்தால் பாஸ், பச்சை ஸ்டிக்கர். கரகரத்தால் சிவப்பு. அவன் காது பொய் சொல்லாது என்று சூப்பர்வைசரே சொல்வார். பிடிவாதமும் அந்தக் காதுக்குச் சளைத்ததல்ல. அதில் அவனை மிஞ்ச ஒரே ஆள்தான் இருந்தார். அவனுடைய அக்கா செல்லம்.

அக்கா சாஆ என்ற சிற்றூரில் இருந்தார். அம்மாவைப் பதினோரு வருடம் வைத்துப் பார்த்தவர் அவர்தான். இவன் இங்கே தம்போயிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போவான், சாப்பிடுவான், திரும்பிவிடுவான். அப்படிப்பட்டவன் அம்மா இறந்த அன்று, அத்தனை பேர் கூடியிருக்கும்போது, "நேரத்தோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா அம்மா பொழச்சிருப்பாங்க" என்று வாயை விட்டான். அக்கா அழவில்லை. "இனிமே என் வீட்டுப் படி ஏறாதே" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்த நிமிடமே அவன் அக்காவின் காலில் விழுந்திருக்கலாம். பாவி, காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அடுத்த வருடம் அவன் பிறந்தநாளன்று காலை ஏழரைக்கு, ரேடியோவில் வாழ்த்து நேரம். "தம்போயில் இருக்கும் தம்பி சுகுமாறனுக்கு, சாஆவிலிருந்து அக்கா செல்லம், அவர் மகள் லோஷினி" என்று அறிவிப்பாளர் வாசித்தார். எட்டு மணிக்கே என் வீட்டுக்கு ஓடி வந்து சொன்னான்.

"போன் போட்டியா?" என்றேன்.

"வராதேன்னு சொன்னது அவதானே மதி? அவளே கூப்பிடட்டும்லா."

ஆனால் அக்காவின் பிறந்தநாளுக்கு இவனும் ரேடியோவில் வாழ்த்துச் சொன்னான். இப்படி இரண்டு வருடம் போனது. நேரில் பேசாத இரண்டு பேர் நாட்டுக்கே கேட்கும்படி பேசிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது வருடம் அவன் வீட்டுக்குப் பின்னால் இருபது மாடிக்குக் கட்டடம் எழுந்தது. ரேடியோவில் இரைச்சல் ஏறிவிட்டது. அது அவன் முதல் சம்பளத்தில் வாங்கிய பழைய டிரான்சிஸ்டர். மற்ற நாளெல்லாம் அலமாரியில் தூங்கும், பிறந்தநாளுக்கு மட்டும் வெளியே வரும். "போன்லயே கேக்கலாமேங்க" என்றார் அவன் மனைவி பிரேமலா. "அது ரேடியோ இல்ல" என்று அவர் வாயை அடைத்துவிட்டு, பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பே பெட்டியைப் பிரித்துப் போட்டான்.

பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினான். உடைந்திருந்த ஏரியலை மாற்றினான். உள்ளே அதோடு சேரும் கம்பி விட்டுப் போயிருந்தது, ஈயம் வைத்து ஒட்டினான். ஜன்னல் கம்பிவரைக்கும் ஒரு ஒயரை இழுத்துக் கட்டினான். அப்படியும் நம் நாட்டுத் தமிழ் நிலையம் வருவதும் நழுவுவதுமாக இருந்தது. கடைசியில் பின்பக்கத்தில் ஏ.எஃப்.சி. என்று எழுதியிருந்த பொத்தானைத் தள்ளிவிட்டான். அது நிலையத்தை நழுவாமல் பிடித்து வைக்கிற பொத்தான். உடனே பாட்டு கண்ணாடி மாதிரி வந்தது. முள்ளை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாஸ்" என்றேன் நான்.

பிறந்தநாளன்று ஒரு சொல் விடாமல் கேட்டான். ஈசூனில் யாருக்கோ வாழ்த்து, உட்லண்ட்ஸில் யாருக்கோ வாழ்த்து. தம்போயில் பாதிப் பேருக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில்தான் வேலை, அதனால் அவன் அதை ஒன்றும் நினைக்கவில்லை. இவன் பெயர் மட்டும் வரவில்லை. வாழ்த்து முடிந்ததும் பெட்டியை அடைத்துவிட்டான்.

"மறந்துட்டா" என்றான் என்னிடம். அந்த வருடம் அக்காவுக்கு இவனும் வாழ்த்துச் சொல்லவில்லை. அதற்கடுத்த வருடமும் அதே கதைதான். கோபக்காரன்போல் நடமாடினானே தவிர, ஆள் உள்ளுக்குள் நொந்துபோயிருந்தான். நானாவது அவனைக் காரில் ஏற்றி சாஆவுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

போன வருடம் ஜூனில் அக்கா மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு லோஷினி அவன் எதிரே வந்து நின்றாள்.

"கடைசி ரெண்டு வருஷமும் உங்க பொறந்தநாளுக்கு அம்மா கூப்பிட்டாங்களே, ஏன் மாமா வரல? 'அக்கா வீட்டுக் கதவு தொறந்துதான் இருக்கு, வந்துட்டுப் போ தம்பி'ன்னு ரேடியோல வாசிச்சாங்களே. ரெண்டு தடவையும் கோழி ஆக்கி வச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் வாசலப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க."

"நான் கேக்கலியேம்மா" என்றான். அவள் நம்பவில்லை. நானும் சரியாக நம்பவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு என்னை உட்கார வைத்துக்கொண்டு அந்த ரேடியோவைத் திறந்தான். வாழ்த்துகள் வந்தன. முடிந்தும் அடைக்காமல் கேட்டோம். ஒரு பாட்டு போட்டார்கள். பிறகு அறிவிப்பாளர் தெளிவான தமிழில் சிங்கப்பூர்ச் செய்தியை வாசிக்க ஆரம்பித்தார்.

"அலமாக், இது நம்ம ஸ்டேஷனே இல்ல" என்றேன்.

பொத்தானைப் பழையபடி தள்ளினேன். சிங்கப்பூர் போய் இரைச்சல் வந்தது, இரைச்சலுக்குள்ளிருந்து நம் நிலையம் மெல்லப் பேசியது. அந்தப் பொத்தான் நிலையத்தைப் பிடித்து வைக்கும், வாஸ்தவம். ஆனால் பக்கத்தில் அதைவிடப் பலமான நிலையம் ஒன்று இருந்தால் அதன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். பாலத்துக்கு அக்கரையிலும் தமிழ்தான், அதே நேரத்தில் அங்கும் பிறந்தநாள் வாழ்த்துதான். தொழிற்சாலை மேசையில் எங்களுக்கு வந்தது ஒரே ஒரு சிக்னல். தெளிவாகக் கேட்கிறதா என்று பார்த்தோமே தவிர, யார் பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டிய அவசியம் எங்களுக்கு வந்ததே இல்லை.

சுகுமாறனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அதில் ஒரு நிம்மதியும் தெரிந்தது, அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டான் அல்லவா? போனை எடுத்து அவனிடம் இருந்த ஒரே சாஆ எண்ணைத் தட்டினான். அது அக்காவின் எண். லோஷினிதான் எடுத்தாள்.

"லோஷினி, நான் கேக்கவே இல்லம்மா. ரேடியோ சிங்கப்பூருக்கு மாறிடுச்சு. ஒரு பொத்தான்தாம்மா காரணம். உங்கம்மா கூப்பிட்டது தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பேன்."

அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"இப்ப போன் அடிச்சீங்களே மாமா, அம்மா இருந்தப்பவும் இதே நம்பர்தான்."